பிளான் போட்ட மகராசன்

மாமனார் வீட்டில் அவருக்குப் பெயர் பெரிய மாப்பிள்ளை. மூத்த பெண்ணைக் கட்டியதால் வந்த பட்டம். மற்றபடி பெரிதாக ஒன்றும் கிடையாது. இளைய பெண்ணைக் கட்டியவர்தான் வேலையில் பெரியவர், சம்பளத்தில் பெரியவர், காரில் பெரியவர். அந்தச் சின்ன மாப்பிள்ளை இப்போது வீட்டிலும் பெரியவராகப் போகிறார் என்கிற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வாயாலேயே வந்தது.

"சின்ன மாப்பிள்ளை மனை வாங்கிட்டாரு. மாடி வச்சுக் கட்டப் போறாராம். கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன் மாமா" என்றார் பெரிய மாப்பிள்ளை. கேள்விப்படவே இல்லை. கையிலிருந்த டீ சட்டென்று கசந்தது.

அவருக்கு ஒயர் போடுகிற தொழில். விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஓடுகிற ஒயரை நினைத்துவிடாதீர்கள், அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆபீஸ்களில் கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்காக ஓடுகிறதே, உள்ளே எட்டு நிற இழைகள் முறுக்கிக் கிடக்கும் நெட் ஒயர், அதுதான் அவருடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. எத்தனையோ ஆபீஸ்களின் ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரைக்கு மேலே எலியைப் போலத் தவழ்ந்திருக்கிறார். முழங்கால் இரண்டும் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். பெரிய பெரிய கட்டடங்களில் கண்ணாடி அறைக்குள் கோட்டுப் போட்டவர்கள் பேசுவதெல்லாம் அவர் இழுத்த ஒயரில்தான் ஓடுகிறது. அவர் குடியிருப்பதோ வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. ஆணி அடிக்கவேண்டுமானால்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும். அந்த வீட்டில் ஒரு முழம் நெட் ஒயர் கிடையாது. ஃப்ரிட்ஜ் தலையில் வைஃபை பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் மனிதருக்கு ஒரு கவுரவம் இருந்தது. மனைவி வழிச் சொந்தத்தில் யார் வீட்டில் எந்த ஒயர் தகராறு செய்தாலும் மாமனார் ஒன்றுதான் சொல்வார்: "ஒயர்னா நம்ம பெரிய மாப்பிள்ளையக் கேளு." காலிங் பெல் கத்தாவிட்டாலும் அவர்தான், டி.வி.யில் படம் ஆடினாலும் அவர்தான். வெறும் ரிமோட் பேட்டரியாக இருந்தாலும் நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வீடு, கார், சம்பளம், மாமனார் பக்கத்து நாற்காலி என்று ஒவ்வொன்றாகச் சகலையிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒயர் மட்டும்தான் இவர் கையில் மிச்சம். அதையும் சகலை பிடுங்கிக்கொள்ளாத வரைக்கும் இவர் பெரிய மாப்பிள்ளை.

சகலையின் வீடு எழும்ப எழும்ப, இவர் மனதில் அந்த வீட்டுக்கு ஒயர் ஓடத் தொடங்கியது. பேருந்தில் உட்கார்ந்தால் அதே நினைப்பு. எல்லா ஒயரும் வந்து சேருகிற பெட்டியை எங்கே வைப்பது, மாடிக்கு எந்த மூலை வழியாகப் பைப் ஏற்றுவது என்று மனதுக்குள்ளேயே கோடு கிழிப்பார். கூப்பிடத்தான் போகிறார்கள். கூப்பிட்டதும் உடனே தலையாட்டிவிடக்கூடாது. "எனக்கு நேரமே இல்லையே தம்பி" என்று கொஞ்சம் இழுக்கவேண்டும். கெஞ்சட்டும். அதற்கப்புறம், போனால் போகிறது என்று ஒத்துக்கொள்ளலாம். இந்த வசனத்தை அவர் ஒத்திகையே பார்த்துவைத்திருந்தார்.

அஸ்திவாரம் முடிந்தது, கூப்பிடவில்லை. சுவர் எழும்பியது, கூரையும் போட்டார்கள், கூப்பிடவில்லை. இவர் முகம் நாளுக்கு நாள் உர்ரென்று ஆகிக்கொண்டே போனது. ஒருவழியாகப் போன் வந்தது. "அண்ணே, அண்ணியையும் கூட்டிக்கிட்டு ஒரு நடை சைட்டுக்கு வாங்களேன்."

நேரமே இல்லை என்று இழுக்க மறந்துபோய், "இதோ கிளம்பிட்டோம்" என்று சொல்லிவிட்டார்.

பூச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. செங்கல் சுவர்கள் மொட்டையாக நின்றன. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. மணலும் சிமென்ட்டும் மிதிபட, சகலை முன்னால் நடந்து அறை அறையாகக் காட்டினார். இது ஹால், இது படுக்கையறை, மாடியில் அவருடைய ஆபீஸ் அறை. கொழுந்தியாள் அடுப்படியில் நின்றுகொண்டு கையை விரித்து விரித்துக் காட்டினாள். பெரிய மாப்பிள்ளை உம் கொட்டிக்கொண்டே போனார். அவருடைய வாடகை வீடு முழுவதையும் தூக்கிக் கொண்டுவந்து அந்த ஹாலுக்குள் வைத்தால் சுற்றி நடக்க இடம் மிஞ்சும்.

"அண்ணே, வேலைய நீங்கதான் பண்ணித் தரணும்" என்றார் சகலை.

அப்பாடா என்று இவர் வாயைத் திறந்தார். "நேரம்தான் தம்பி…"

"பிளான் பத்தி உங்களுக்குக் கவலையே வேணாம். அதெல்லாம் ரெடியா இருக்கு. நீங்க ஒயர் மட்டும் போட்டுக் கொடுத்தாப் போதும்."

சகலை ஒரு பெரிய தாளைப் பிரித்து சிமென்ட் மூட்டைமேல் விரித்தார். கம்ப்யூட்டரில் வரைந்து அச்சடித்த படம். நீலக் கோடு நெட் ஒயருக்கு, சிவப்புக் கோடு கரன்ட்டுக்கு. பெரிய மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பிளான் போடுகிறவன் ஒருத்தன், ஒயர் இழுக்கிறவன் ஒருத்தன் என்றால் இழுக்கிறவன் கூலிக்காரன். சொந்தச் சகலை வீட்டில் கூலிக்காரன்.

"யாரு போட்டது?"

"தெரிஞ்ச ஒருத்தர்."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி எல்லாம் இல்லண்ணே. பேரு இப்ப சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன். வேலை முடியட்டும், நானே சொல்றேன்." சகலை சிரித்தார். அந்தச் சிரிப்பு இவருக்குச் சுருக்கென்று தைத்தது. இவருடைய மனைவியோ, இதில் தனக்கென்ன என்பதுபோல ஜன்னல் ஓட்டை வழியாக வெளியே மணல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய மாப்பிள்ளை குனிந்து படத்தில் குற்றம் தேடினார். கிடைக்கவேண்டுமே! எல்லா ஒயரும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வந்து சேர்ந்தன. அலமாரிக் கதவில் காற்றுப் போக மேலேயும் கீழேயும் கட்டம் கட்டமாகத் துளை. சரி. நெட் பைப்பும் கரன்ட் பைப்பும் ஒட்டிக்கொண்டு ஓடாமல் ஒரு முழம் தள்ளியே போயின. அதுவும் சரி. மாடி நடைக் கூரையில் வைஃபை பெட்டிக்கு ஒரு பாயிண்ட் காத்திருந்தது. சரிதான். எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இரண்டிரண்டு ஒயர். ஒன்று போதுமென்றாலும் இரண்டு போடுவது இவருடைய கொள்கை. "சுவரை மூடிட்டா மூடினதுதான், ஒண்ணு போனா இன்னொண்ணு வேணும்" என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டு திரிபவர். அதை எவனோ தன் சொத்து மாதிரி அங்கே வரைந்து வைத்திருக்கிறான்!

கடைசியில் அடுப்படியில் ஒரு பாயிண்ட் தட்டுப்பட்டது. விட்டுவிடுவாரா? "அடுப்படியில எதுக்கு நெட்டு? பாத்திரம் கழுவவா? வீட்டுக்கு வேலை பாத்துப் பழக்கம் இல்லாத ஆளு போல."

"எனக்குத்தான் மாமா" என்றாள் கொழுந்தியாள். "பாதி மீட்டிங் நான் அடுப்படியில நின்னுக்கிட்டுத்தான் பேசுறேன். அங்க சிக்னலே வராம நான் படுற பாடு தெரியாதா? நான் கேக்கவே இல்ல, அவங்களாவே யோசிச்சு வச்சுட்டாங்க."

அவளுக்கு அப்படி ஒரு பாடு இருந்தது இவருக்குத் தெரியாது. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார். "பிளான் ரெடியா இருக்காம்ல! நான் எதுக்கு? தெருவுல போற எவனையாச்சும் கூப்பிட்டுச் சுவரை வெட்டச் சொல்ல வேண்டியதுதானே? இத்தனை வருஷம் நான் என்ன புல்லா புடுங்கிட்டு இருந்தேன்?"

மனைவி அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிளான் நல்லா இல்லையா?"

"நல்லா இல்லேன்னாதான் நிம்மதியா இருந்திருப்பேனே! நல்லாத்தான் இருக்கு. எவனோ வேலை தெரிஞ்சவன். கை சுத்தம். என்கூட வேலை பாத்தவனாத்தான் இருக்கணும், என் முறையை அப்படியே சுட்டிருக்கான்."

அவள் கை தட்டின்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அன்று மாலை பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். புருஷன் புழுங்கிச் சாகும்போது இவளுக்குப் பாட்டு கேட்கிறது என்று அதற்கும் சேர்த்து அவர் எரிச்சல்பட்டார்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். தினமும் பிரித்து வைத்துக்கொண்டு, எதிரியின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நேரில் பார்த்திராத அந்த மனிதனுக்கு மனதில் ஓர் உருவமும் கொடுத்திருந்தார். இளவயது, இஸ்திரி போட்ட சட்டை, முழங்காலில் ஒரு கீறல் கிடையாது, வாய் நிறைய இங்கிலீஷ். பேரும் வைத்துவிட்டார்: பிளான் போட்ட மகராசன்.

அப்படி முறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் ஓட்டை கண்ணில் பட்டது. நீலக் கோடுகள் எல்லாம் படிக்கட்டு அலமாரியிலிருந்து கிளம்பி எல்லா அறைக்கும் போயின. ஆனால் வெளியிலிருந்து அந்த அலமாரிக்கு ஒரு கோடுகூட வரவில்லை. தெருக் கம்பத்திலிருந்து வருகிற இன்டர்நெட் லைன் எப்படி உள்ளே போகும்? அலமாரி வீட்டின் நடுவில் இருக்கிறது. அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் அடுப்படி. அங்கே சுவருக்குள் ஒரு பைப் விட்டிருக்கவேண்டும். மகராசன் மறந்துவிட்டான். அத்தனை அறைக்கும் வழி வைத்தவன், வீட்டுக்கு வாசல் வைக்கவில்லை.

பெரிய மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் வேலை மட்டும் தெரிந்தவன் செய்கிற தப்பு இது. ஆபீஸ்களில் வெளி லைனைக் கட்டடத்துக்காரரே கொண்டுவந்து வைத்திருப்பார். இவரைப் போன்றவர்களுக்கு வேலை அங்கிருந்துதான் ஆரம்பம். வெளியிலிருந்து வருவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் ஒயர் பார்த்த இவருக்குத்தான் அது தெரியும்.

"மாட்டினான்!" என்று தொடையைத் தட்டினார். "உன் தங்கச்சி வீட்டுக்காரர் தூக்கி வச்சு ஆடுறாரே, அந்த மகராசன் பண்ணியிருக்கான் பாரு ஒரு கூத்து."

மனைவி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "என்ன தப்பு?"

"இருக்கு ஒண்ணு."

"என்னன்னு சொல்லுங்களேன்."

"இப்பச் சொன்னா அவன் திருத்திட்டுப் போயிடுவான். பூசி, டைல் ஒட்டி, பெயின்ட் அடிச்சு, எல்லாரும் வந்து நிக்கட்டும். அப்பத் தெரியும் யாருக்கு ஒயர் தெரியும்னு."

"அதுக்கப்புறம் தெரிஞ்சா வீட்டை உடைக்கணுமே?"

"உடைக்கட்டுமே. நானா வரைஞ்சேன்? பிளான்படி போடுன்னாங்க, பிளான்படி போடுறேன்."

அவள் விடவில்லை. மறுநாள் காலையும் கேட்டாள். சாப்பாடு போடும்போதும் கேட்டாள். பைப் அளவா, அலமாரியில் இடம் பத்தாதா, கூரைப் பாயிண்ட்டா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"ஆமா, அந்த ஆள் மேல உனக்கு என்ன இவ்வளவு அக்கறை? யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரல் ஒருமாதிரி இருந்தது.

"பின்னே? நான் கூரை மேலேருந்து விழுந்து கை ஒடிஞ்சு வந்தப்பகூட நீ இத்தனை கேள்வி கேக்கல."

"அவரும் யாரையோ நம்பித்தானே வரைஞ்சு கொடுத்திருப்பாரு. ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"என் மரியாதை குறையும்" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். சகலைமேல் பொறாமை, மகராசன்மேல் பொறாமை, இப்போது சொந்தப் பெண்டாட்டியே மகராசன் கட்சி. வீடு முழுக்க எதிரிகள் என்று தோன்றியது.

வேலையில் மட்டும் மனிதர் குறை வைக்கவில்லை. அது அவரால் முடியாது. செங்கல் சுவரில் நேர்கோட்டில் காடி வெட்டி, பைப்பைப் பதித்து, திரும்புகிற இடத்தில் சடாரென்று மடக்காமல் வளைவாகவே திருப்பினார். மகராசனே வந்து பார்த்தாலும் வாயைப் பிளக்கவேண்டும் என்கிற வீம்பு அதில் இருந்தது. மனைவி அடிக்கடி ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவாள். வந்தால் சும்மா போகமாட்டாள். சுவரில் ஓடுகிற பைப்பைக் கண்ணாலேயே தொடர்ந்து, அறை அறையாகப் போய், படியேறி இறங்கி, மறுபடி அலமாரிக்கு முன்னால் வந்து நிற்பாள். எதையோ தொலைத்தவள் மாதிரி இருக்கும் முகம். தங்கை வீட்டைப் பார்த்து ஏங்குகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். அது வேறு நெஞ்சில் குத்தியது.

பூச்சு போடுகிற நாள் வந்தது. கொத்தனார் அடுப்படிச் சுவருக்கு முன்னால் கரணையோடு நின்று கேட்டார். "இந்தச் சுவர்ல உங்க பைப் இன்னும் ஏதாச்சும் இருக்கா? கலவை போட்டாச்சுன்னா அப்புறம் என்னை வையக்கூடாது."

அந்தச் சுவரில்தான் வெளிலைன் பைப் வரவேண்டும். மிச்சம் விழுந்த பைப் துண்டு ஒன்று காலடியில் கிடந்தது. எடுத்துப் பதிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். பெரிய மாப்பிள்ளை அந்தத் துண்டைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில், ஒரு தப்பைப் பார்த்துக்கொண்டே சுவரை மூடவிட்டதில்லை அவர். அடுத்தவன் வேலையாக இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். தொண்டை வரை வார்த்தை வந்தது. அந்த நேரம் பார்த்து ஹாலில் சகலையின் குரல் யாரிடமோ போனில் சொன்னது: "நெட்டு பிளான் பிரமாதம்பா. நீ கட்டினா சொல்லு, அவங்ககிட்டயே சொல்லிப் போட்டு வாங்கித் தர்றேன்."

"ஒண்ணும் இல்ல" என்றார் பெரிய மாப்பிள்ளை. "பூசுங்க."

கொத்தனார் கலவையை அள்ளி அடித்தார். பிறகு அதன்மேல் டைல் ஏறியது. கொழுந்தியாள் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த வெளிர்பச்சை டைல்.

இன்டர்நெட் லைன் கொடுக்க வருகிற நாளன்று சொந்தமெல்லாம் வந்து கூடிவிட்டது. பெரிய மாப்பிள்ளை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சொல்லவேண்டியதும் தயாராக இருந்தது. லைன்காரர் வழி கேட்பார். எல்லாரும் இவரைப் பார்ப்பார்கள். இவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, "பிளான் போட்ட மகராசனக் கேளுங்க" என்பார். சகலையின் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்கவேண்டும். மாமனார் ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் வரிசை அருமையாக அமைந்திருந்தது.

லைன்காரர் தோளில் ஒயர்ச் சுருளோடு வந்து இறங்கினார். அலமாரியைத் திறந்து பார்த்து, வரிசையாகப் பெயர் ஒட்டி நிற்கும் ஒயர்களைக் கண்டு, "அடேயப்பா! யாருங்க இது பண்ணது?" என்றார்.

"ஒயர் போட்டது எங்க பெரிய மாமா" என்றாள் கொழுந்தியாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "இன்னிக்குச் சொல்லிடலாம்ல அக்கா? பிளான் போட்டது எங்க அக்கா!"

சகலை கைதட்டினார். "அண்ணே, மன்னிச்சுக்கணும். அண்ணிதான் சத்தியம் வாங்கிட்டாங்க. தாள்ல அவங்க வரைஞ்சு கொடுத்ததை நான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன், அவ்வளவுதான். பேரைச் சொன்னா நீங்க பாக்காமலே சிரிச்சுடுவீங்களாம். பேர் தெரியாம நீங்க என்ன சொல்றீங்கன்னு அவங்களுக்குக் கேக்கணுமாம்."

பெரிய மாப்பிள்ளைக்கு ஹால் ஒருதரம் சுற்றி நின்றது. கல்யாணமான புதிதில், ஒப்பந்த வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து கொட்டுவார். அவள் எதிரில் உட்கார்ந்து எட்டு நிற இழைகளையும் வரிசைப்படுத்தி முனைக்கு முனை பிளக் மாட்டிக் கொடுப்பாள். கை வேகத்தில் அவரை மிஞ்சிவிடுவாள். அவர் அன்றன்றைக்கு ஆபீஸில் இழுத்த ஒயரையெல்லாம் வாயால் மறுபடி இழுத்துக் காட்டுவார், அவள் கேட்டுக்கொண்டே மாட்டுவாள். ரெடிமேட் ஒயர் வந்ததும் அந்த வேலை நின்றது. கதை மட்டும் தினம் சாப்பாட்டோடு தொடர்ந்தது. இரண்டு ஒயர் கொள்கை, கதவில் காற்றுத் துளை, ஒரு முழம் இடைவெளி எல்லாம் அவர் வாயிலிருந்து அவள் காதுக்குப் போனவை. வெளிலைன் எப்படி உள்ளே வரும் என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கதையில் அது எப்போதும் ஏற்கெனவே வந்திருக்கும்.

"சார், இந்த லைன் எந்த வழியா உள்ள வரணும்? பைப் வாய் எங்க இருக்கு?" என்று, இதற்குள் வெளியே போய்ச் சுவரைப் பார்த்த லைன்காரர் கேட்டார்.

சிரித்துக்கொண்டிருந்த மனைவியின் கண் அலமாரிக்குப் போனது. அங்கிருந்து அடுப்படிச் சுவருக்கு, அங்கிருந்து ஜன்னலுக்கு வெளியே தெருக் கம்பத்துக்கு. சிரிப்பு அப்படியே வடிந்தது. இத்தனை வாரமாகத் தேடியது கிடைத்துவிட்டது. கடைசியில் அவள் புருஷனைப் பார்த்தாள்.

"பிளான்ல அது…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"பைப் விட மறந்துட்டேன்" என்றார் பெரிய மாப்பிள்ளை சத்தமாக. "பிளான்ல கோடு இருக்கோ இல்லையோ, வெளிலைன் வழி ஒயர்க்காரன் பாக்கவேண்டியது. நான்தான் விட்டுட்டேன். அடுப்படிச் சுவரை வெட்டணும்."

"என் டைலு!" என்றாள் கொழுந்தியாள்.

"என்ன மாப்பிள்ளை இது" என்றார் மாமனார். "ஒயர்னா உங்களக் கேளுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். மொத வேலையே இதுதானே?"

"விடுங்க மாமா" என்றார் சகலை. "அண்ணனுக்கும் வயசாகுதுல்ல. யாருக்கும் வர்ற மறதிதான். பரவாயில்லண்ணே." அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். வைதிருந்தால் தேவலை. அந்தத் தட்டு எலும்பு வரைக்கும் போனது. ஆனால் அதற்குப் பொறாமைப்பட இப்போது அவரிடம் தெம்பு இல்லை.

எல்லாரும் மாடியைப் பார்க்கப் போனார்கள். பெரிய மாப்பிள்ளை நல்ல சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உளியை எடுத்தார். ஒரு வரிசை டைல் போயிற்று. பச்சைச் சில்லுகள் தரையில் சிதறின. மனைவி முறத்தைக் கொண்டுவந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

"அன்னிக்கி சொன்னீங்களே, இருக்கு ஒண்ணுன்னு. இதுதானே?"

"ம்."

"பூசுறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்." உளியை நிறுத்தினார். "நீன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. எவனோன்னு நினைச்சேன்."

"எவனோவா இருந்தா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள். "அவனும் ஒரு வீட்ல ராத்திரி தூங்காம, எங்க தப்புப் பண்ணோம்னு யோசிச்சுக்கிட்டுத்தானே கிடந்திருப்பான்?"

அவர் உளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவனோ வேலை தெரிஞ்சவன், கை சுத்தம்னு சொன்னீங்க. அன்னிக்கி எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பைப்பப் பதிங்க. நான் அலமாரிப் பக்கம் நிக்கிறேன்."

பைப்பைப் பதித்து, வெளிச்சுவரில் துளை போட்டு, அவர் வெளியே வீட்டையொட்டிய சந்துக்குப் போனார். வெயில் முதுகில் அடித்தது. லைன்காரர் சுருளைப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க, இவர் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைப்புக்குள் தள்ளினார். முதல் வளைவில் தயங்கியது. திருகிவிட்டார், போனது. இரண்டாவது வளைவு. அதிலும் போனது. பிறகு மறுபக்கத்திலிருந்து ஒரு இழுப்பு. மெல்லிசாக, ஆனால் நிச்சயமாக. ஒயர் அவள் கைக்குப் போய்விட்டது.

"வந்துச்சா?" என்று குரல் கொடுத்தார்.

பதில் இல்லை.

ஒயரை லேசாகத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இறுகப் பிடித்திருக்கிறாள். அலமாரிக்கும் சந்துக்கும் நடுவில் ஒரே ஒரு அடுப்படி. கூப்பிட்டால் கேட்காத தூரமில்லை.

"வந்துச்சாம்மா?"

பதில் இல்லை. அவர் கையை எடுக்காமல் நின்றார்.

"என்ன சார், உள்ள எங்கயாச்சும் சிக்கிடுச்சா?" என்றார் லைன்காரர்.

"சிக்கல, வந்துடுச்சு" என்றார் பெரிய மாப்பிள்ளை. "அவதான் சொல்லணும். கொஞ்சம் நில்லுங்க."